மூடாத விளிம்புகள்

தொட்டிலுக்குப் பன்னிரண்டு பாகங்கள். அதை வரைந்த ஜாஹிர் அண்ணன் காலையில் போனில் சொன்னதும் பன்னிரண்டுதான், சாம்பிள் தொட்டிலை நடாஷா தன் கையாலேயே பூட்டியபோது எண்ணியதும் பன்னிரண்டுதான். ஆனால் இப்போது மடிக்கணினித் திரையின் இடது ஓரத்தில் இறங்கிக்கொண்டே வந்த பட்டியல் பதின்மூன்றில் போய் நின்றது.

அவள் அதற்காக ஒன்றும் பதறவில்லை. இந்த வேலையில் இது அன்றாடத் தலைவலி. ஒரு மென்பொருளில் வரைந்ததை இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுபோவது, வீடு மாறும்போது லாரியில் சாமான் ஏற்றுகிற மாதிரி. ஏற்றியது ஏற்றியபடி எந்தக் காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது? ஸ்பிரிங், கொக்கி, மோட்டார் என்று ஜாஹிர் அண்ணன் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்களெல்லாம் வழியிலேயே உதிர்ந்து, 'திடம் 1', 'திடம் 2' என்று மொட்டையாக வந்து நிற்கும். ஒட்டியிருந்த மூலைகள் விலகியிருக்கும். அதைவிட மோசம் திறப்புகள். எடையை ஏற்றிச் சோதித்துப் பார்க்கிற அந்த மென்பொருளுக்கு ஒரு பொருள் நாலா பக்கமும் அடைபட்டிருக்க வேண்டும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அதன் கணக்கில் அது பொருளே இல்லை, வெறும் தோல். மஞ்சள் முக்கோணம் ஒன்றைப் போட்டு, 'விளிம்பு மூடவில்லை' என்று சிணுங்க ஆரம்பித்துவிடும். பத்து வருஷமாக நடாஷாவின் பிழைப்பே அந்த ஓட்டைகளைத் தேடி அடைப்பதும், அடைபடாததைத் தூக்கி எறிவதும்தான்.

வெளியே ஆயர் ஈத்தாம் வட்டாரம் முழுவதும் இருண்டு கிடந்தது. பகல் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மலையிலிருந்து இறங்கிய மேகம் எதிர் பிளாக்கின் மேல் மாடிகளை மூடிவிட்டு, மழையாக இடித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே பசார் பக்கமிருந்து கொதிக்கும் லக்சா குழம்பின் மீன் வாடையும், நனைந்த சாக்குகளின் வாடையும், அடைத்துக்கொண்ட சாக்கடைக் காணின் நாற்றமும் ஒன்றாகச் சேர்ந்து ஜன்னல் இடுக்கு வழியே ஏறி வந்தன. அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் ஹாலில் தொட்டிலின் ஸ்பிரிங் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. கீ...ச். கீ...ச். மோட்டார் மெதுவாக இழுத்து விட, துணி தாழ்ந்து எழ, உள்ளே ஹன்னா தூங்கிக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதக் குழந்தை. மூன்று கரு கலைந்த பிறகு, புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலில் கணவன் பிரையனோடு முழங்காலில் நின்று அழுது கேட்டு வாங்கிய பிள்ளை. அவள் தும்மினால்கூட நடாஷா எழுந்து ஓடுவாள். வேலை பார்க்கும் தொட்டில் கம்பெனி வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொன்னதால்தான் அவள் அந்த வேலையையே விடாமல் இருந்தாள்.

நடாஷா பதின்மூன்றாவதைச் சொடுக்கினாள். தொட்டில் துணிக்குள், பள்ளத்தில், கட்டி மாதிரி ஏதோ ஒன்று மஞ்சளாக ஒளிர்ந்தது. பிசைந்து வைத்த மாவு உருண்டை போல, முகமும் இல்லாமல் முனையும் இல்லாமல். அவள் ஜாஹிருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, துணிக்குள்ள என்னமோ கட்டி மாதிரி கிடக்கு. டம்மி ஏதும் போட்டீங்களா?"

"டம்மியா? நான் ஏன்மா போடப் போறேன்? எண்ணிப் பாத்துத்தான் அனுப்புனேன், பன்னெண்டு. மாத்துறப்ப குப்பை ஏதாச்சும் சேந்திருக்கும் லா. தூக்கிப் போட்டுட்டு வேலையப் பாரு."

"அதான் நானும் நெனைச்சேன்."

"பாப்பா நம்ம தொட்டில்ல தூங்குதா?"

"அதுல போட்டாத்தான் கண்ணையே மூடுறா, அண்ணே."

அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். நடாஷா அந்தக் கட்டியைத் தேர்ந்தெடுத்து 'நீக்கு' பொத்தானை அழுத்தினாள். பட்டியல் பன்னிரண்டாகச் சுருங்கியது. அப்பாடா என்று கழுத்தைச் சொடக்கெடுத்துக்கொண்டாள்.

கீச். கீச். கீச். கீச்.

காதில் பட்டது, மனதுக்கு எட்ட ஒரு நொடி பிடித்தது. ஸ்பிரிங் வேகமாக ஆடிக்கொண்டிருந்தது. பாரம் குறைந்தால் ஸ்பிரிங் துள்ளும். இதைச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு எந்த மென்பொருளும் வேண்டாம். ஆறு மாதமாக இதே ஸ்பிரிங்கோடுதான் மாரடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வேகம் அவள் காதுக்கு நன்றாகத் தெரியும். காலித் தொட்டிலின் வேகம்.

திரும்பினாள். துணி தட்டையாகத் தொங்கியது.

நாற்காலி பின்னால் விழுந்தது. ஓடிப்போய்த் துணியை இரண்டு கையாலும் விரித்தாள். ஹன்னாவின் சின்ன போர்வை இருந்தது. அதில் சூடு இருந்தது. பால் வாடை இருந்தது. பிள்ளை இல்லை. தொட்டிலுக்கு அடியில் பார்த்தாள், சோபாவுக்குப் பின்னால் பார்த்தாள், பூட்டியிருந்த வாசல் கதவைப் போய் ஆட்டிப் பார்த்தாள். இன்னும் தவழவே தெரியாத பிள்ளை எங்கே போகும்? "ஹன்னா! ஹன்னாம்மா!" என்று கத்தினாள்.

மாதாவே, நான் எதை நீக்கினேன்?

பைத்தியக்கார நினைப்புதான். ஆனாலும் அவள் மேசைக்குத்தான் ஓடினாள். பழைய நிலைக்குத் திரும்பும் பொத்தானை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றியது. சனியன் பிடித்த மடிக்கணினி, பாரமான கோப்பு என்றாலே படுத்துக்கொள்ளும். பொறுக்க முடியவில்லை அவளுக்கு. எந்தத் தாய்க்குப் பொறுக்கும்? வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஜாஹிர் அனுப்பிய கோப்பை மறுபடியும் உள்ளே இழுத்துப் போட்டாள்.

கை கூப்பியபடி நின்றாள்.

கீ...ச்.

துணி கனத்து இறங்கியது. உள்ளே ஒரு முழங்கால் மேடு. ஒரு குட்டித் தலை. ஹன்னா, விட்ட இடத்திலிருந்தே தூங்குகிற மாதிரி, வாயோரம் எச்சில் வழிய, கண்மூடிக் கிடந்தாள். நடாஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தது. தொட்டிலின் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் இந்த வேலையும் வேண்டாம், இந்தத் தொட்டிலும் வேண்டாம், பிரையன் வந்ததும் எல்லாவற்றையும் தூக்கிக் கீழே போடச் சொல்கிறேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

மேசையிலிருந்து மெல்ல ஒரு மணிச் சத்தம் வந்தது. கோப்பு இரண்டாம் முறையும் உள்ளே வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கீ......ச்.

தொட்டில் துணி இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. அவள் கண் முன்னாலேயே தாழ்ந்தது. ஸ்பிரிங் நீண்டு, மோட்டார் திணறி முக்கியது. உள்ளே யாரும் அசையவில்லை. யாரும் வந்து படுக்கவும் இல்லை. ஒரே குழந்தைதான். ஆனால் துணி இரண்டு பேரைச் சுமப்பது போலத் தரையை நோக்கி இழுபட்டது.

ஹன்னா கண் திறக்காமலே முனகினாள். நெஞ்சு ஒருமுறை மேலே எழும்பியது, இறங்கவில்லை. பிறகு சட்டென்று இறங்கியது, எழும்பவில்லை. நடாஷா அவளை வாரித் தூக்கினாள். தூக்க முடியவில்லை. எட்டுக் கிலோப் பிள்ளை, இடுப்பில் வைத்துக்கொண்டே சமைக்கிற பிள்ளை, அரிசி மூட்டை மாதிரி கனத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நெஞ்சோடு இழுத்து அணைத்து, அப்படியே சோபாவில் சாய்ந்தாள். குழந்தையின் உதட்டோரம் நீலம் பூத்துக்கொண்டிருந்தது.

பிரையனுக்குப் போன் அடித்தாள்.

"எங்க இருக்க?"

"பாலத்துல. ஒரே ஜேம் லா, மழையில ரெண்டு காரு மோதிக்கிச்சு. ஏன், என்னாச்சு?"

"ஹன்னாவுக்கு மூச்சு முட்டுது பிரையன்! ரொம்பக் கனமா இருக்கா... தூக்கவே முடியல..."

"கனமா இருக்காளா? என்ன சொல்ற நீ? அம்புலன்ஸ கூப்புடு! மொதல்ல அம்புலன்ஸ கூப்புடு, நான் வந்துடுறேன்!"

கூப்பிட்டாள். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள். ஆயர் ஈத்தாம் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது, வண்டி சுற்றித்தான் வர வேண்டும், பிள்ளையை நிமிர்த்திப் பிடியுங்கள் என்றாள். நடாஷா நிமிர்த்திப் பிடித்தாள். பிடித்திருந்த இடத்தில் ஹன்னாவின் முதுகு தட்டுப்பட்டது. அந்த முதுகுக்கு உள்ளேயே இன்னொரு முதுகும் தட்டுப்பட்டது.

அந்தக் கனத்தோடு எழுந்து நிற்க முடியவில்லை. பிள்ளையை அணைத்தபடியே மேசை வரை முட்டியால் நகர்ந்து போனாள்.

பட்டியலில் பதினான்கு இருந்தன.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது, அதுதான் கொடுமை. வேறு யாராவது இருந்தால் திருநீறு தேடியிருப்பார்கள், ஜெபமாலை தேடியிருப்பார்கள். அவளுக்கு இது தெரிந்த தப்பு. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் செய்கிற தப்பு. நீக்கியது திரும்பி வந்திருக்கிறது. பொறுமை இல்லாமல் இழுத்துப் போட்டதும் வந்திருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே இடத்தில், இரண்டு. மற்ற பன்னிரண்டு பாகங்களும் அச்சு அசலாக ஒன்று போலவே இருந்ததால், மென்பொருள் அவற்றைப் பொருத்திப் பார்த்து ஒன்றாக்கிவிட்டது. துணிக்குள் கிடந்ததை மட்டும் அதனால் ஒன்றாக்க முடியவில்லை.

ஒன்றாக்க முடியவில்லை என்றால், அவை இரண்டும் ஒன்று இல்லை.

உருவத்தைப் பெரிதாக்கினாள். இப்போது அது மாவு உருண்டை இல்லை. மடக்கிய விரல்கள். காது மடல். ஒரு காலில் காலுறை, மற்றொன்றில் இல்லை. குனிந்து பார்த்தாள். மடியில் கிடந்த ஹன்னாவும் ஒரு காலுறையை உதைத்துத் தள்ளியிருந்தாள். திரையில் அந்தக் குட்டி உடம்பு முழுக்க மஞ்சளும் பச்சையும் ஒரே தோலில் மாறி மாறி மினுமினுத்தன. இரண்டு பரப்புகள் ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டால் அப்படித்தான் மினுங்கும். எது மேலே, எது கீழே என்று திரைக்கே தெரியாது.

மடியில் ஒரு விக்கல். பிறகு ஒன்றும் இல்லை.

"வேணாம் ராஜாத்தி, வேணாம். மூச்சு விடு. அம்மாவப் பாரு. மூச்சு விடும்மா..."

பெயர் இருந்திருந்தால் போதும். ஒரே ஒரு பெயர். 'திடம் 13'. 'திடம் 14'. எது அவள் பிள்ளை? எது முதலில் வந்தது? பட்டியல் தன்பாட்டுக்கு வரிசையை மாற்றிக்கொள்ளும், அதை நம்ப முடியாது. எடை? இரண்டுக்கும் ஒரே அளவு. உயரம்? ஒன்றுதான். கண்ணீர் திரையை மறைத்தது. தோளால் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒன்றின் பக்கத்தில் பச்சைக் குறி. முழுத் திடம். குறை ஒன்றும் இல்லை. மற்றொன்றின் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம்.

விளிம்பு மூடவில்லை.

பத்து வருஷப் பழக்கம். யோசிக்க வேண்டியதே இல்லை. ஓட்டை உள்ளது பொருள் இல்லை, வெறும் தோல். உள்ளே ஒன்றும் இல்லாத கூடு. அவள் பிள்ளை மேல் வந்து போர்த்திக்கொண்டு, அவள் பிள்ளையின் மூச்சை அமுக்குகிற கூடு. இதுதான். இதுதான் அந்தச் சனியன். எந்த இடத்தில் மூடவில்லை என்று பெரிதாக்கிப் பார்க்க இரண்டு சொடுக்கு போதும். அந்த இரண்டு சொடுக்குக்கும் நேரம் இல்லை. குழந்தையின் முகம் கறுத்துக்கொண்டிருந்தது.

முக்கோணத்தைத் தேர்ந்தெடுத்தாள். இயேசுவே. நீக்கினாள். எதையும் நீக்கியதும் சேமித்துக்கொள்கிற கை, அவளைக் கேட்காமலே சேமித்தும் விட்டது.

பாரம் போயிற்று.

சட்டென்று, கையில் வைத்திருந்ததை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி. அவள் நெஞ்சில் எட்டுக் கிலோ. அவள் அறிந்த எட்டுக் கிலோ. குழந்தையின் கன்னத்தில் நீலம் வடிந்து, பழைய நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. விறைத்த கைகால்கள் தளர்ந்து, ஒரு கை அவள் சட்டையைப் பற்றியது. நடாஷா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலையை மோந்து மோந்து அழுதாள். கோயிலுக்கு மெழுகுவர்த்தி வைக்கிறேன் தாயே, வருஷா வருஷம் நடந்தே வருகிறேன் தாயே என்று பிதற்றினாள். ஆட்டி ஆட்டி, தட்டித் தட்டி, மழை விடும் வரைக்கும் அப்படியே ஹாலில் நடந்தாள். குழந்தை ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் தோளில் அடங்கிக் கிடந்தது. எவ்வளவு சமர்த்து! பயந்து போயிருப்பாள், பாவம்.

கதவு திறந்தது. முழுக்க நனைந்த பிரையன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான். அவளுக்குப் பின்னால் போய், தோளில் கிடந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். அவன் தோள்கள் இறங்கின.

"அட! நல்லாத்தானே இருக்கா! உசுரே போயிருச்சு எனக்கு. பாரு, அப்பாவப் பாத்து எப்படிச் சிரிக்கிறா!"

"சிரிக்கிறாளா?"

"வாய் கொள்ளாம சிரிக்கிறா. பசிக்கும் லா, இரு, நான் பால் கலக்குறேன். அம்புலன்ஸுக்கு வேணாம்னு சொல்லிரு."

அவன் அடுப்படிக்குள் போனான். மேசை மேல் போன் துடித்தது. ஜாஹிர். *மறுபடி அனுப்பியிருக்கேன்மா. செக் பண்ணிட்டேன். பன்னெண்டுதான், ஒரு குப்பையும் இல்ல.* நடாஷா ஒரு கையால் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தான் சாம்பல் நிறமாகக் கிடந்தது. சேமித்தாயிற்று, இனி அதற்கு உயிர் வராது. பட்டியலில் பதின்மூன்று இருந்தன. கடைசியில், பச்சைக் குறியோடு, அவள் காப்பாற்றியது.

எல்லாப் பக்கமும் மூடியது. ஊசி முனை அளவுகூடத் திறப்பு இல்லாதது.

அவள் மூளைக்குள் ஏதோ ஒன்று மிக மெதுவாகப் புரண்டது. காதைக் கூர்மையாக்கினாள். கழுத்தருகே, தோலில், வழக்கமாகப் படும் அந்த இளஞ்சூட்டுக் காற்று இல்லை. எவ்வளவு நேரமாக இல்லை?

"இந்தா, சூடு பாத்துட்டேன்," என்று பிரையன் புட்டியை நீட்டினான். "நீ உக்காரு மொதல்ல."

அவள் உட்கார்ந்தாள். தோளிலிருந்து குழந்தையை இறக்கினாள். முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், பழக்கத்தில், புட்டியை வாய் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனாள். ரப்பர் முனை மென்மையான எதன் மேலோ அழுந்தி, வழுக்கி, கன்னத்துக்குப் போயிற்று. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் வழுக்கியது. பால் தாடையில் வழிந்து, கழுத்து மடிப்பில் இறங்கி, அவள் மடியை நனைத்தது.

குனிந்தாள். ஹன்னாவின் கண்கள். ஹன்னாவின் புருவம். மூக்கின் கீழே இரண்டு பள்ளங்கள், விரலால் லேசாக அமுக்கி விட்டது போல, அடி தெரியும் பள்ளங்கள். உதடுகள் இளஞ்சிவப்பாக, அழகாக, சிரிப்பின் வளைவோடு இருந்தன. கட்டைவிரலை அவற்றின் நடுவே வைத்துப் பிரிக்கப் பார்த்தாள். மேல் உதட்டுக்கும் கீழ் உதட்டுக்கும் நடுவில் ஒரு கோடு மட்டும்தான் இருந்தது. தோல் விடாமல் ஓடியது.

பசியோடு இரண்டு கைகளும் நீண்டு புட்டியைப் பற்றி இழுத்தன. பால் வழியும் முகத்தோடு, ஒரு சத்தமும் இல்லாமல், அது அவளை அண்ணாந்து பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தது.